கண்ணுக்குத் தெரியாத கொசு

அண்ணனுக்குப் பல் பிடுங்கத் தெரியும், அண்ணிக்கு உண்மையைப் பிடுங்கத் தெரியும். மாடியில் எதிரெதிரே இரண்டு அறைகள். ஒரு கதவில் பல் மருத்துவர் பலகை, மறு கதவில் துப்பறியும் நிலையப் பலகை. நடுவில் இரண்டுக்கும் பொதுவாக ஒரு சோபா. கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்தால் அண்ணனுக்கு வந்தவர், கைக்குட்டையைப் பிசைந்தபடி உட்கார்ந்தால் அண்ணிக்கு வந்தவர். ஆளைப் பார்த்துத் தரம் பிரித்து உள்ளே அனுப்புவது என் உத்தியோகம். வந்தவர்களிடம் அண்ணி என்னை உதவியாளர் என்பார். அண்ணன் தண்டச்சோறு என்பான்.

அன்று காலை சோபாவில் ஈ காக்கை இல்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பல் நன்றாகிவிட்டதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வீங்கிய கன்னத்தோடு ஒருவர் படிகளை உதைத்துக்கொண்டு ஏறி வந்தார்.

"இது பல் டாக்டர் இடமா, பஞ்சர் கடையா?"

"உங்க பல்லுல காத்து எறங்கிடுச்சா சார்?" என்றேன்.

அவர் கையிலிருந்த புத்தகத்தை என் மடியில் எறிந்தார். வழவழப்பான அட்டை. நீலச்சட்டைக் கால்பந்துக் கழகத்தின் ஆண்டுவிழா மலர். "கமிட்டி ஆளுன்னு எனக்கு இதை அனுப்பினாங்க. இதுல இருக்கற விளம்பரத்தைப் பாத்து போன் பண்ணேன். கடைசிப் பல்லு ஆடுதுன்னு சொன்னேன். வண்டியோட வாங்க, பின் வீலைக் கழட்டிப் பாத்துடலாங்கறான்!"

அண்ணன் கையுறையோடு வெளியே ஓடி வந்து மலரைப் பிடுங்கிப் பார்த்தான். அது இரண்டு பக்கமும் முன்பக்கமாக இருக்கிற புத்தகம். இந்தப் பக்கம் திறந்தால் நம் மொழி, இடமிருந்து வலம். திருப்பிப் போட்டுத் திறந்தால் அரபி, வலமிருந்து இடம். கழகத்தில் பாதிப் பேருக்கு இது, பாதிப் பேருக்கு அது. நம் மொழிப் பகுதியில் அண்ணனுடைய போன் நம்பர் ஒழுங்காக இருந்தது. அரபிப் பகுதியில் நம்பருக்கு நடுவில் இருந்த சின்னக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டிய பாதி பின்னாலும், பின்னால் இருக்க வேண்டியது முன்னாலும் போய் உட்கார்ந்திருந்தது.

"என் பொழப்பையே தலைகீழா மாத்திட்டாங்களே!" என்று அண்ணன் கத்தத் தொடங்கும்போதே கைக்குட்டையைப் பிசைந்தபடி ஒரு பெண் படியேறி வந்தாள். அண்ணன் கையில் இருந்த மலரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப் போயிற்று.

"அய்யோ, இங்கயும் வந்துடுச்சா?"

நான் கொஞ்சமும் தாமதிக்காமல் அண்ணியின் கதவைத் திறந்துவிட்டேன்.

அண்ணி நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். வழக்கு இல்லாத நாட்களில் அவர் கடலையைத்தான் துப்பறிவார். வந்தவளை உட்காரச் சொல்லி, உரித்ததில் பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

"நான் நீலச்சட்டைக் கழகத்துல பிசியோ. கழகத் தலைவரோட பொண்ணு," என்றாள் அவள். "அடுத்த மாசம் எனக்குக் கல்யாணம். அதாவது, நேத்து வரைக்கும்."

"நேத்து என்ன ஆச்சு?"

"இந்த மலர் வந்துச்சு. கமிட்டிக்காரங்களுக்கும் விளம்பரம் கொடுத்தவங்களுக்கும் மட்டும் முன்கூட்டியே அனுப்பினோம். இன்னைக்குச் சாயங்காலம்தான் விழா, அங்கதான் வெளியீடு. இதை லேஅவுட் பண்ணதே அவர்தான். நான் கட்டிக்கப் போறவர்." அவள் ஒரு கடலையை எடுத்தாள், சாப்பிடவில்லை, நசுக்கினாள். பிசியோ கை, தூளாகிவிட்டது. "அவங்க வீட்டுல எல்லாரும் மஞ்சள்சட்டை ஆளுங்க."

நான் விசில் அடித்தேன். நீலச்சட்டைக்கும் மஞ்சள்சட்டைக்கும் ஆட்டம் என்றால் ஊரில் பாதிக் கடை மூடிவிடும். நீலச்சட்டைத் தலைவர் வீட்டில் மஞ்சள்சட்டைப் பையனுக்குப் பெண் தருவதா? சிங்கத்தின் வாயில் பல் பிடுங்கியவன் கூட அவ்வளவு துணிந்திருக்க மாட்டான்.

"அப்பாவைச் சம்மதிக்க வைக்கறதுக்குள்ள உயிர் போச்சு. அந்த நேரம் பாத்து இது. எங்க கழகத்துல ஒரு வழக்கம் மேடம். எந்த மொழியில அச்சடிச்சாலும் ஸ்கோர்போர்டுல இருக்கற மாதிரியே எங்க கோல் இடப்பக்கம், எதிரி கோல் வலப்பக்கம். அந்தப் பெரிய ஃபைனல்ல மூணுக்கு ஒண்ணு ஜெயிச்சோம். நம்ம மொழிப் பக்கத்துல 3-1ன்னு சரியா இருக்கு. அரபிப் பக்கத்துல பாருங்க."

பார்த்தோம். 1-3. மேலே இருந்த புகைப்படத்தில் ஸ்கோர்போர்டு 3-1 என்று பளிச்சென்று சிரித்தது.

"ஒண்ணு ரெண்டு இல்ல, பக்கத்துக்குப் பக்கம் இப்படித்தான். மஞ்சள்சட்டைப் புத்தி, வேணும்னே எங்களைத் தோக்கடிச்சுட்டான்னு அப்பா ஊரெல்லாம் சொல்லிட்டார். சாயங்காலம் மேடையில வெச்சே கல்யாணம் நின்னு போச்சுன்னு அறிவிக்கப் போறாராம்."

"உங்க ஆள் என்ன சொல்றார்?"

"அதுதான் மேடம் எனக்குப் புரியல. ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறார். என் மூஞ்சியையே பாக்க மாட்டேங்கறார்." இன்னொரு கடலையையும் நசுக்கினாள். "அவர் பண்ணியிருக்க மாட்டார். அதை நிரூபிச்சுக் கொடுங்க, சாயங்காலத்துக்குள்ள."

அண்ணி எழுந்து மடியிலிருந்த கடலைத்தோலைத் தட்டிவிட்டார். "தம்பி, அந்த மலரை எடுத்துக்கோ. உங்கண்ணன் கத்தி முடிச்சதும் வாங்கிக்கோ."

அது நடக்கிற காரியமா? கத்திக்கொண்டிருக்கும்போதே பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

*

அச்சகம் ஒரு நீளமான கூடம். காகிதக் கட்டுகள், மை வாசனை, எல்லாவற்றின் மேலும் காகிதத் தூசி. மேசை மேலே தூசி, மின்விசிறியில் தூசி, முதலாளியம்மாவின் மூக்குக்கண்ணாடியிலும் தூசி. நான் காத்திருந்த நேரத்தில் மேசைத் தூசியில் அண்ணன் முகத்தை விரலால் வரைந்து அதற்கு மீசையும் வைத்துவிட்டேன்.

கடைசி மேசையில் ஒருவன் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் பேனா, ஸ்கேல், டம்ளர் எல்லாம் மேசை விளிம்புக்கு இணையாக வரிசை பிடித்து நின்றன. எதுவும் கோணலாக இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராதாம். அதனால் அச்சகத்தில் அவன் பெயர் சதுரம்.

அண்ணி முதலாளியம்மாவிடம் ஆரம்பித்தார். "ஒரே மலர். ஒரு பாதியில எண்ணெல்லாம் சரி. மறுபாதியில மட்டும் தலைகீழ். இது எப்படிம்மா?"

"அரபி வலமிருந்து இடமா ஓடும்," என்றார் முதலாளியம்மா. "அந்த வரிக்கு நடுவுல கோடு போட்ட எண் ஏதாவது வந்தா கம்ப்யூட்டர் குழம்பிடும். கோட்டுக்கு அந்தப் பக்கத்து எண்ணை இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்தை அந்தப் பக்கமும் தூக்கிப் போட்டுடும். அதைத் தடுக்க எண்ணுக்கு முன்னாடி ஒரு குறி வைப்போம். இதை இடமிருந்து வலமாவே வைடான்னு சொல்ற குறி. அச்சுல வராது, கண்ணுக்கும் தெரியாது. மறைஞ்சிருக்கறதைக் காட்டுன்னு திரையில ஒரு பட்டனைத் தட்டினா மட்டும் துளியூண்டு நீலப் புள்ளியாத் தெரியும். நாங்க அதைக் கொசுன்னு சொல்வோம்."

"அப்ப யாரோ கொசு அடிச்சுட்டாங்க," என்றேன்.

"அடிச்சது யாருன்னுதானே தெரியல. அச்சடிக்க வேண்டிய மேட்டர் வெளியிலேருந்து வரும்போதே ஏகப்பட்ட குப்பையோட வரும். போன்ல அடிச்சு அனுப்புவாங்க, எங்கிருந்தோ எடுத்து ஒட்டுவாங்க. அதனால முதல்ல துடைப்பம் போடுவோம். திரையோட மூலையில துடைப்பம் படம் போட்ட ஒரு பட்டன். தட்டினா மொத்த மேட்டர்லயும் கண்ணுக்குத் தெரியாத குறி எல்லாத்தையும் ஒரே பெருக்காப் பெருக்கிடும். அதுக்கு அப்புறம்தான் நாங்க எங்க கொசுவை ஒவ்வொண்ணா வைப்போம். வெச்ச பிறகு துடைப்பத்தை ஒருத்தரும் தொடக்கூடாது. இது இங்க சட்டம்."

"யாரோ தொட்டிருக்காங்க."

"நான்தான் தொட்டேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

சதுரம் எழுந்து நின்றிருந்தான். எங்களோடு வந்திருந்த பிசியோ, தான் கட்டிக்கப் போகிற அவனைப் பார்த்த பார்வையில் எனக்கே நெஞ்சு வலித்தது.

"வேணும்னேதான் பண்ணேன். எங்க அணி ஜெயிச்ச மாதிரி காட்டணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். போதுமா?" பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு அவன் ஸ்கேலை எடுத்து ஏற்கனவே நேராக இருந்ததை இன்னும் நேராக்கினான்.

எனக்குச் சப்பென்று போய்விட்டது. வந்த வேகத்தில் வழக்கு முடிந்தால் உதவியாளருக்கு என்ன மரியாதை? ஆனால் அண்ணியின் மூக்கு நுனி லேசாக அசைந்தது. அது நல்ல சகுனம்.

"தம்பி, மலரைக் கொடு." அண்ணி அரபிப் பகுதியைப் புரட்டினார். "இது மழையில நடந்த ஆட்டம்தானே? படத்துல ஸ்கோர்போர்டு என்ன சொல்லுது?"

"0-4," என்றேன். "நீலச்சட்டை முட்டை, மஞ்சள்சட்டை நாலு."

"கீழ என்ன அச்சாகியிருக்கு?"

"4-0." எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணி, நீலச்சட்டை நாலு கோல்ல ஜெயிச்சிருக்கு!"

அண்ணி சதுரத்தின் பக்கம் திரும்பினார். "ஏங்க, மஞ்சள்சட்டையோட பெருமைக்காகப் பண்ணவர் மஞ்சள்சட்டையோட பெரிய வெற்றியையே எதிரிக்குத் தாரை வார்த்துக் கொடுப்பாரா? தோத்த ஆட்டமெல்லாம் ஜெயிச்ச ஆட்டமாயிருக்கு. இதை உங்க மாமனாராகப் போறவர் கவனிக்கவே இல்ல, பாத்தீங்களா? அடிபட்ட இடம் மட்டும்தான் அவர் கண்ணுல படுது. அதோட, எங்க வீட்டுக்காரரைப் பஞ்சர் ஒட்ட விட்டதுல உங்க அணிக்கு என்ன லாபம்?"

சதுரம் திருதிருவென விழித்தான்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு பழக்கம் வேணும். உங்களுக்கு இல்ல," என்றார் அண்ணி அன்பாக. பிறகு பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். "கோல்கீப்பர் பக்கம். இதுல மட்டும் ஸ்கோர் எல்லாம் சரியா இருக்கு. ஏன்?"

"அது கடைசியா வந்த பக்கம்," என்றார் முதலாளியம்மா. "எல்லாம் கட்டி முடிச்ச அன்னைக்கு மத்தியானம்தான் இந்தப் பொண்ணு அதைக் கொண்டுவந்து கொடுத்தது. இவன் அதை மட்டும் சேர்த்து, கொசு வெச்சு, அப்படியே அச்சுக்கு அனுப்பிட்டான்."

"அப்ப துடைப்பம் விழுந்தது அதுக்கு முன்னாடி. அன்னைக்கு வேற யார் வந்தாங்க?"

"தலைவர் வந்தார், புரூஃப்ல கையெழுத்துப் போட. அப்புறம் இந்தப் பொண்ணு. வேற யாரும் இல்ல."

நான் அண்ணியின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூச்சே வாங்கியது.

"அண்ணி! நம்ம கட்சிக்காரிதான்! கோல்கீப்பர் பக்கத்தைக் கொடுக்க வந்திருக்கா. ஆளு எங்கயோ எழுந்து போயிருக்கார். ஆசையா அவர் நாற்காலியில உக்காந்து பட்டனைத் தட்டிட்டா. அது தெரிஞ்சுதான் அவர் பழியை வாங்கிக்கறார். காதல் அண்ணி, காதல்!"

"அழகா இருக்கு," என்றார் அண்ணி. "கதையா எழுது. அவ தட்டியிருந்தா அந்த ஆளு அவளைத் தனியாக் கூப்பிட்டு என்னடி பண்ணேன்னு கேட்டுச் சிரிச்சிருப்பார். மூஞ்சியைத் திருப்பிக்க மாட்டார். அவகிட்டயே சொல்ல முடியாத பேரா இருக்கறதாலதான் திருப்பிக்கறார்."

என் கதை அங்கேயே காற்றுப் போய்ச் சுருங்கியது.

"அவர் மேசையைப் பாத்தியா? கூடம் முழுக்க ஒரே தூசி. நீகூட உங்கண்ணனை வரைஞ்சு மீசை வெச்சே."

"பாத்துட்டீங்களா?"

"காது பொருத்தமா இல்ல. அவ்வளவு தூசிக்கு நடுவுல அவர் கம்ப்யூட்டர் திரை மட்டும் எப்படி இருந்துச்சு?"

நினைத்துப் பார்த்தேன். "பளபளன்னு இருந்துச்சு. என் மூஞ்சியே தெரிஞ்சுது."

"யாரோ அழுத்தித் துடைச்சிருக்காங்க. திரையில நீலப் புள்ளி தெரிஞ்சா இங்க வேலை செய்யறவங்க கொசும்பாங்க. வெளி ஆளு என்னம்பாங்க?"

"தூசிம்பாங்க!"

"துணியால துடைச்சிருக்காங்க. போகல. அப்புறம் மூலையில பாத்தா, துடைப்பம் படம்." அண்ணி கண்ணைச் சிமிட்டினார். "இப்ப உனக்கு ஒரு கேள்வி. தட்டினதுமே ஸ்கோர் எல்லாம் குட்டிக்கரணம் போட்டிருக்கும். தட்டின ஆளு பதறியிருக்கணும். ஏன் பதறல?"

நான் தலையைச் சொறிந்தேன். மலரைப் புரட்டினேன். வெற்றி, தோல்வி, வெற்றி, தோல்வி. பிறகு ஒரு பக்கத்தில் என் விரல் நின்றது. ஆட்டம் சமன். 2-2. தலைகீழாகத் திருப்பிப் போட்டாலும் அதே 2-2.

"அவங்க கண்ணு முன்னாடி இருந்தது இந்தப் பக்கம்!" என்று கத்தினேன். "புள்ளி மறைஞ்சதுதான் தெரிஞ்சிருக்கும், வேற ஒண்ணும் மாறியிருக்காது!"

"மலர்லயே சமன்ல முடிஞ்ச ஆட்டம் அது ஒண்ணுதான். அந்தப் பக்கத்துல யார் படம் இருக்கு?"

முழுப் பக்கப் படம். சுருட்டை முடியும் ஒல்லி உடம்புமாக ஓர் இளைஞன், கடைசி நிமிடத்தில் சமன் செய்த கோலை அடித்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்து ஓடி வருகிறான். கீழே பெயருக்குப் பதில், 'இன்றைய நம் தலைவர், அன்று' என்று போட்டிருந்தது.

"இந்தப் படத்தைத் திறந்து வெச்சு ஆசையாப் பாத்துட்டே உக்காந்திருக்கற ஆளு இந்த உலகத்துல ஒருத்தர்தான் தம்பி," என்றார் அண்ணி.

நான் குதித்தேன். பிறகு குதிப்பதை நிறுத்தினேன். உள்ளே சதுரம் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊர் முழுக்க அவனைத் திட்டியாகிவிட்டது. இப்போது குற்றவாளி தலைவரே என்று அவன் சொன்னால், அந்த அவமானத்துக்குப் பிறகு அந்த மனிதர் அவனை வாசல்படி ஏற விடுவாரா? சொன்னாலும் கல்யாணம் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. பாவம், அவன் சொல்லாமல் இழக்கிற வழியைத் தேர்ந்திருந்தான்.

"நாம சொன்னாலும் அதே கதைதானே அண்ணி?"

"நாம ஏன் சொல்லணும்? அவரே சொல்லுவார். பக்கங்களுக்கு மறுபடி கொசு வெச்சு ஒரு லேப்டாப்புல ஏத்தித் தரச் சொல்லு. அதைத் தூக்கிக்கோ, உள்ள இருக்கறவரையும் கூட்டிக்கோ."

*

விழாக்கூடத்தில் நாற்காலி போடுகிறவர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் தட்டி ஹலோ ஹலோ என்று ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளியே மைதானத்தில் வீரர்கள் பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. கழக உறுப்பினர்களும் இரண்டு மூன்று பேராக வரத் தொடங்கியிருந்தார்கள்.

தலைவர் படத்தில் இருந்ததைவிட மூன்று மடங்கு அகலமாகியிருந்தார், முடி போய்விட்டது. எங்களை நோக்கி வருகிற வழியிலேயே ஒரு நாற்காலியை ஊதினார், மேசைமேல் கிடந்த நூலைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். வந்ததும் என் தோளில் ஒட்டியிருந்த கடலைத்தோலை இரண்டு விரலால் எடுத்து என்னிடமே கொடுத்தார். எனக்குச் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பிறகுதான் சதுரத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"இவன் எதுக்கு உள்ள வந்தான்?"

"அப்பா..." என்று தொடங்கினாள் பிசியோ.

"நீ பேசாதம்மா."

"நான்தான் கூட்டி வந்தேன்," என்றார் அண்ணி. "திருத்தின பக்கங்களைக் கொண்டு வந்திருக்கோம். இனி அச்சடிக்க நேரமில்ல. ஆனா சாயங்காலம் பெரிய திரையிலயாவது சரியாக் காட்டலாமே. நீங்க ஒரு பார்வை பாத்துச் சரின்னா போதும். இவர் கம்ப்யூட்டரை ஓட்டத்தான் வந்தார், இதோ போயிடுவார்."

நான் லேப்டாப்பை மேசையில் வைத்து, மேடைத் திரைக்குப் படம் காட்டும் கருவியோடு இணைத்தேன். அரபிப் பகுதி, ஃபைனல் ஆட்டம். மேடைத் திரையில் ஆளுயரத்துக்கு 3-1 எழுந்து நின்றது. மறைந்திருப்பதைக் காட்டும் பட்டனையும் அண்ணி சொன்னபடி தட்டிவிட்டேன். எண்ணுக்கு முன்னால் துளியூண்டு நீலப் புள்ளி முளைத்தது.

தலைவரின் முகம் கொஞ்சம் இளகியது. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நீங்க பாருங்க. நாங்க அந்தக் கோப்பையெல்லாம் பாத்துட்டு வர்றோம்," என்று அண்ணி எங்கள் மூவரையும் கண்ணாடி அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். கோப்பைகளின் வயிற்றில் தலைவர் சின்னதாகத் தெரிந்தார். நாங்கள் அவரைத்தான் பார்த்தோம்.

முதலில் அவர் சற்றே குனிந்தார். பிறகு கண்ணைச் சுருக்கினார். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார். மறுபடி குனிந்தார். இன்னும் அழுத்தித் துடைத்தார். சதுரம் ஓர் அடி எடுத்து வைத்தான். "சார், வேண்டாம்..." என்று அவன் வாயெடுப்பதற்குள் பிசியோ அவன் கையைப் பிடித்தாள். பிசியோ பிடித்தால் பிடித்ததுதான்.

"இங்க பாருங்க, அதே தூசி!" என்று தலைவர் சத்தமாகச் சொன்னார். "அன்னைக்கே சொல்லாம கொள்ளாம நானே பெருக்கித் தள்ளினேன். மறுபடி வந்திருக்கு. சுத்தம்னா என்னன்னே தெரியாத அச்சகம்!"

சொல்லிக்கொண்டே துடைப்பத்தைத் தட்டினார்.

மேடையில் ஆளுயர 3 இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தாவியது. ஆளுயர 1 அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் குதித்தது. 1-3. நாற்காலி போடுகிறவர்களில் ஒருவர் "ஐயய்யோ, தோத்துட்டோம்!" என்று அலறியதில் அடுக்கியிருந்த நாற்காலி வரிசை ஒன்று சரிந்து விழுந்தது. எனக்குத் தாங்கவில்லை. அலமாரியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

நிமிர்ந்தபோது கூடத்தில் என்னைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் மேடைத் திரையைப் பார்த்தார். தன் விரலைப் பார்த்தார். லேப்டாப்பைப் பார்த்தார். அண்ணி அவர் பக்கத்தில் போய் மெல்லிய குரலில் கொசுவும் துடைப்பமும் இன்னது என்று சொன்னார். அவர் பாதி கேட்டதும் போதும் என்பது போலக் கையை உயர்த்திவிட்டார்.

"நான் தட்டினப்ப ஒண்ணும் மாறலயே," என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"நீங்க பாத்துட்டிருந்தது ரெண்டுக்கு ரெண்டு பக்கம்," என்றார் அண்ணி.

அவர் சதுரத்தின் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

சதுரம் தலை குனிந்து நின்றான். "மலர் அச்சாகி வந்ததும் தெரிஞ்சுது சார். அன்னைக்கு உங்களுக்கு டீ வாங்கப் போனேன். திரும்பி வந்தப்ப அந்தப் பக்கம்தான் திறந்திருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"அந்தப் படத்தைப் பாத்துட்டு இருந்தீங்க சார். நான் டீயோட பின்னாடியே நின்னேன், நீங்க கவனிக்கல. தனியாச் சிரிச்சுட்டு இருந்தீங்க. அந்த மனுசனைப் போய் ஊர் முன்னாடி எப்படி சார் நிறுத்தறது?" பிறகு அவசரமாகச் சொன்னான்: "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அச்சுப்பிழைன்னு சொல்லிடுங்க. எங்க தொழில்ல அந்தப் பழி தினமும் வர்றதுதான். அவளை மட்டும் அழ விடாதீங்க."

பிசியோ ஏற்கனவே அழுதுகொண்டிருந்தாள். என் கண்ணிலும் ஏதோ விழுந்துவிட்டது.

தலைவர் எழுந்தார். மேடைப் படிகளில் ஏறினார். வழியில் ஒரு பூக்கூடை கோணலாக இருந்தது, அதை அவர் நேராக்கவில்லை. ஒலிபெருக்கிக்காரர் கையிலிருந்த மைக்கை வாங்கிக்கொண்டு, எங்களைப் பார்க்காமல் காலி நாற்காலிகளைப் பார்த்து நின்றார். சாயங்காலப் பேச்சை ஒத்திகை பார்க்கிறாராக்கும் என்று நினைத்தேன்.

"நான் கழகத் தலைவர் பேசறேன்," என்றார். "நம்ம மலர்ல அரபிப் பக்கத்துல ஜெயிச்ச ஆட்டமெல்லாம் தோத்ததா இருக்கு. தோத்ததெல்லாம் ஜெயிச்சதா இருக்கு. ஒரு மஞ்சள்சட்டைப் பையன் வேணும்னே பண்ணிட்டான்னு நேத்து உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்."

அவர் தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் கூரையில் முட்டி, ஜன்னல் வழியாக வெளியே போய், மைதானத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ எதிரொலித்துத் திரும்பி வந்தது. வெளியே பந்தை உதைக்கும் சத்தம் நின்றுவிட்டது.

"பண்ணது நான். எனக்குத் தெரியாத வேலையில கைய வெச்சேன். அந்தப் பையனுக்கு அது தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பான். என் மானத்தைக் காப்பாத்தறதுக்காகத் தன் கல்யாணத்தையே விட்டுக்கொடுத்துட்டு நின்னான். நான் அவனைப் பத்திச் சொன்னது அத்தனையும் தப்பு. மன்னிச்சுடுங்க."

ஜன்னலுக்கு வெளியே நீலச்சட்டைகள் கும்பலாக வந்து எட்டிப் பார்ப்பதைச் சதுரம் அப்போதுதான் கண்டான். கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளையும் கண்டான். பதறியடித்து மேடையை நோக்கி ஓடினான்.

"சார், சார்! மைக் ஆன்ல இருக்கு! வெளிய எல்லாருக்கும் கேக்குது!"

தலைவர் மைக்கை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.

"தெரியும் மாப்பிள்ளை."